மேனர் சுருள்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில் எந்த வீட்டுக்காரி ஏல் என்ற பார்லி மது காய்ச்சி விற்றாள், யாருடைய பன்றி பிரபுவின் கோதுமைக்குள் புகுந்தது, மடத்துப் பண்ணையில் அந்த ஆண்டு எத்தனை வாத்து செத்தது என்பதெல்லாம் இன்றும் தோல்சுருள்களில் எழுத்தாக இருக்கிறது. எழுதியவர்களுக்குக் கிராமத்து வாழ்க்கையைப் பதிவு செய்யும் எண்ணம் துளியும் கிடையாது. வர வேண்டிய காசு வந்ததா, வராவிட்டால் யார் பொறுப்பு என்பதுதான் அவர்கள் கவலை. இதை மறக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எந்த வரியைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இதில் யார், யாருக்கு, என்ன கொடுக்க வேண்டும்? காசோ தானியமோ உழைப்போ கைமாறிய இடத்தில்தான் மனிதர்கள் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

மேனர் என்றால் என்னவென்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இடைக்கால இங்கிலாந்தில் கிராமத்து நிலம் மேனர் மேனராக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உடையவர் உண்டு. அவர் ஏர்ல் என்ற பட்டமுள்ள பிரபுவாக இருக்கலாம், பிஷப்பாக இருக்கலாம், விதவைச் சீமாட்டியாக இருக்கலாம், துறவிகளின் மடமாகவும் இருக்கலாம். நிலத்தில் ஒரு பகுதி உடையவரின் சொந்தப் பண்ணை. மீதியைக் குடியானவர்கள் பயிரிட்டார்கள். அவர்களில் பலர் கட்டுக்குடிகள்: பண்ணையில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், மகளுக்குக் கல்யாணம் செய்யக் காசு கட்ட வேண்டும், ஊரைவிட்டு வெளியே வாழவும் காசு கட்ட வேண்டும். மடமானாலும் பிரபுவானாலும் நிர்வாக முறை ஏறக்குறைய ஒன்றேதான். ஒருவரின் சுருளைப் படிக்கப் பழகினால் அடுத்தவருடையதும் வந்துவிடும்.

ஒரே ஓர் ஊரைப் பிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் டூம்ஸ்டே பதிவேட்டிலிருந்து தொடங்குகிறார்கள். முதலாம் வில்லியம் 1085 கிறிஸ்துமஸின்போது ஆணையிட்டு 1086இல் எடுத்த நிலக் கணக்கு அது. இணையத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் உடனே கிடைக்கும். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் ஓர் ஊருக்கு இருப்பது சில வரிகள்தான்: எத்தனை ஏர், எத்தனை குடி, எத்தனை ஆலை, மதிப்பு எவ்வளவு. குடி என்பது குடும்பத் தலைவர்களின் எண்ணிக்கை. மொத்த மக்கள்தொகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லண்டனும் வின்செஸ்டரும் அதில் இல்லை. வடகோடியில் டர்ஹமும் இல்லை. அன்றாட வாழ்க்கை தெரிய வேண்டுமென்றால் 13ஆம் நூற்றாண்டுக்கு வர வேண்டும்.

ஆகவே முதல் வேலை, ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து அதற்கு என்னென்ன ஆவணம் தப்பியிருக்கிறது என்று பார்ப்பது. இதற்காகவே மேனர் ஆவணப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது; அதன் இணையப் பட்டியலிலேயே தேடலாம். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து மேனரின் பெயரைப் போட்டால் எந்தச் சுருள், எந்த ஆண்டுகளுக்கு, எந்தக் காப்பகத்தில் என்று காட்டும். இந்தப் பதிவேடு பிறந்த கதையே சுவையானது. பழைய கட்டுக்குடி நிலவுரிமையின் வாரிசாக வந்த காப்பிஹோல்டு என்ற உரிமை முறை 1926 ஜனவரி 1 வரை சட்டப்படி உயிரோடு இருந்தது. அதை ஒழித்த பிறகும் பட்டா வழக்குகளுக்குப் பழைய சுருள்கள் தேவைப்படும் என்பதால் அவற்றைச் சட்டத்தின் பாதுகாப்பில் கொண்டுவந்தார்கள். ஆராய்ச்சியாளர் மேல் உள்ள அன்பால் யாரும் அதைச் செய்யவில்லை.

தேடும்போது ஒன்று கவனியுங்கள். மடத்து ஆவணம் மடம் இருந்த ஊரில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540க்குள் மடங்களை எல்லாம் கலைத்தார். நிலம் அரசுக்குப் போனது. அரசு பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும் விற்றது. நிலத்தை வாங்கியவர், உரிமைக்குச் சான்று வேண்டுமே என்று பழைய சுருள்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். கிளாஸ்டன்பரி மடத்தின் ஏராளமான ஆவணங்கள் லாங்லீட் மாளிகையில் இருப்பது இப்படித்தான். பிரபு வீட்டுக்குப் பணமுடை வந்தபோது சில கடலும் தாண்டின: பேட்டில் மடத்தின் ஆவணக் குவியல் கலிபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. அரசிடமே தங்கிவிட்டவை கியூவில் உள்ளன. அங்கே எஸ்சி 2 என்ற வரிசை நீதிமன்றச் சுருள்கள், எஸ்சி 6 கணக்குகள், எஸ்சி 11ம் 12ம் வாடகைப் பட்டியல்களும் நில அளவைகளும்.

தேர்வு செய்ய முடியாமல் திணறுகிறவர்களுக்கு என் யோசனை: யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்டு மேனர். அதன் நீதிமன்றச் சுருள்கள் 1274இல் தொடங்கி 1925 வரை வருகின்றன. லீட்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பல ஆண்டுகளுக்கான ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சில் வந்திருக்கிறது. கணக்கில் ஆர்வமென்றால் வின்செஸ்டர் பிஷப்பின் பண்ணைக் கணக்குகள். 1208–09 முதல் தொடங்கும் அந்த வரிசைக்கு இங்கிலாந்தில் ஈடு கிடையாது. ஹேம்ப்ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இருப்பதை முதலில்

லத்தீனைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம், லத்தீனோடு தொடங்கவும் வேண்டாம். நார்தம்பர்லண்டின் ஐந்தாம் ஏர்ல் 1512இல் தன் மாளிகைகளுக்கு எழுதவைத்த வீட்டு ஒழுங்கு ஏடு ஆங்கிலத்தில் இருக்கிறது, 18ஆம் நூற்றாண்டிலேயே அச்சாகிவிட்டது. 166 பேர் கொண்ட வீடு அது. யார் எத்தனை மணிக்கு எழ வேண்டும், யாருக்கு எவ்வளவு விறகு, எவ்வளவு மெழுகுவத்தி என்று எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருக்கிறார்கள். தவக்காலத்தில் ஏர்லுக்கும் மனைவிக்கும் காலை உணவு: ரொட்டி, ஒரு குவார்ட் பீர், ஒரு குவார்ட் ஒயின், இரண்டு துண்டு உப்புமீன், ஆறு புகைபோட்ட ஹெர்ரிங் மீன், அதற்கு மேல் நான்கு வெள்ளை ஹெர்ரிங் அல்லது ஒரு தட்டு சின்ன மீன். இது நோன்பு நாள் சாப்பாடு என்பதை நினைவில் வையுங்கள்.

இதைப் பத்துப் பக்கம் படித்தாலே பெரிய வீட்டுக் கணக்கின் சுபாவம் பிடிபட்டுவிடும். அப்புறம் மொழிபெயர்ப்பில் உள்ள சுருள்கள், அதன் பின் லத்தீன். இந்த வரிசையில் போனால் எதை எதிர்பார்த்து வாசிக்கிறோம் என்பது தெரிந்திருக்கும். பாதி லத்தீன் ஊகத்திலேயே வந்துவிடும்.

தேதி, காசு, எண்ணிக்கை

இந்த மூன்றில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்று எழுத மாட்டார்கள். மன்னனின் ஆட்சியாண்டும் பக்கத்தில் வரும் திருநாளும்தான். உதாரணமாக, ‘மிக்கேல் திருநாளுக்கு அடுத்த திங்கள், மூன்றாம் எட்வர்டின் 22ஆம் ஆண்டு’. மூன்றாம் எட்வர்டின் ஆட்சியாண்டு ஜனவரி 25இல் தொடங்கும், முதலாண்டு 1327. அப்படியானால் 22ஆம் ஆண்டு 1348 ஜனவரி 25 முதல் 1349 ஜனவரி 24 வரை. மிக்கேல் திருநாள் செப்டம்பர் 29. ஆக அது 1348 செப்டம்பர். அந்த ஆண்டு செப்டம்பர் 29 திங்கட்கிழமையாகவே விழுந்தது. அதனால் ‘அடுத்த திங்கள்’ அக்டோபர் 6. ஒரு வாரம் தவறினால் என்ன என்று தோன்றலாம். 1348–49இல் கொள்ளைநோய் ஊருக்குள் வந்த வாரத்தைத் தேடும்போது அந்த ஒரு வாரம் பெரிய விஷயம். கணக்கு ஆண்டு மிக்கேல் திருநாளிலிருந்து மிக்கேல் திருநாள் வரை ஓடும். ஒரு கணக்குச் சுருளின் தலைப்பில் பெரும்பாலும் இரண்டு ஆட்சியாண்டுகள் வருவதற்கு அதுதான் காரணம். இதுபோக, 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. பழைய ஆவணத்தில் பிப்ரவரி 1640 என்று இருந்தால் நம் கணக்கில் அது 1641.

காசு எளிது. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. மார்க் என்று ஒன்று வரும்: 13 ஷில்லிங் 4 பென்னி, அதாவது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. மார்க்குக்கு நாணயமே கிடையாது, கணக்கில் மட்டும் உண்டு. அபராதம் 6 ஷில்லிங் 8 பென்னி, 3 ஷில்லிங் 4 பென்னி என்று விசித்திரமாக வந்தால் அரை மார்க், கால் மார்க் என்று புரிந்துகொள்ளுங்கள். தொகையின் கனம் தெரிய ஓர் அளவுகோல்: கொள்ளைநோய்க்கு முன் சாதாரணக் கூலியாளின் நாள் சம்பளம் ஒன்றரை முதல் இரண்டு பென்னி.

எண்கள் ரோமன் எண்கள். நான்கு என்பதை நான்கு கோடாகப் போட்டுக் கடைசிக் கோட்டுக்கு நீளமாக வால் இழுப்பார்கள். பின்னால் யாரும் ஒரு கோடு சேர்த்துத் திருத்தாமல் இருக்க அது ஒரு காவல். எண்பதுக்கு நான்கு போட்டு அதன் தலையில் சிறிதாக இருபது என்று எழுதுவார்கள்: நான்கு இருபது. நூறுதான் அபாயமானது. முட்டை, மீன், ஆணி போன்றவற்றை எண்ணும்போது ‘நூறு’ என்றால் பல இடங்களில் 120. சுருளில் உள்ள ஏதாவது ஒரு கூட்டுத்தொகையை நீங்களே போட்டுப் பார்த்தால் அந்த எழுத்தர் எந்த நூறைச் சொல்கிறார் என்று தெரிந்துவிடும். தானியத்துக்கு முகத்தல் அளவு குவார்ட்டர். எட்டு புஷல் ஒரு குவார்ட்டர்.

கணக்குச் சுருளை உடைத்துப் பார்ப்போம்

பண்ணையின் கணக்கை ஒப்புவிக்க வேண்டியவர் ரீவ். நம்மூர் மணியக்காரர் மாதிரி உள்ளூர் ஆள். ஆனால் பல ஊர்களில் அவரே ஒரு கட்டுக்குடி. எழுதப் படிக்கத் தெரியாமல் இருப்பதும் சகஜம். ஆண்டு முழுக்க வெட்டுக்குச்சிகளிலும் (எண்ணிக்கைக்குக் கீறல் போட்ட குச்சிகள்) ஞாபகத்திலும் வைத்திருந்ததை மிக்கேல் திருநாளுக்குப் பின் ஓர் எழுத்தர் உட்கார்ந்து சுருளாக்குவார். பிறகு உடையவரின் தணிக்கையாளர்கள் வந்து அதைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள்.

சுருளின் முன்பக்கம் காசு. தலைப்பில் மேனரின் பெயர், ரீவின் பெயர், காலம். அடுத்து பழைய பாக்கி. அதன் பின் நிலையான வாடகைகள், விட்டுக்கொடுத்த ஊழிய வேலைக்கு வாங்கிய காசு, தானிய விற்பனை, கால்நடை விற்பனை, நீதிமன்ற வருமானம், மொத்தம். பிறகு செலவு: ஏர்ச் செலவு, வண்டிச் செலவு, கட்டடப் பழுது, கதிரடிப்பு, அறுவடை, சம்பளம். கடைசியில் ‘ஆகவே அவர் கொடுக்க வேண்டியது இவ்வளவு’ என்று முடியும். லாபம் எவ்வளவு என்று தேடாதீர்கள், அதற்கு அங்கே இடமில்லை. ரீவ் எவ்வளவு பாக்கி என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்லும்.

பின்பக்கம்தான் எனக்குப் பிடித்தது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஒவ்வொன்றுக்கும் களத்திலிருந்து எவ்வளவு வந்தது, விதைக்கு எவ்வளவு, பண்ணையாட்களுக்குக் கூலித் தானியம் எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று இருக்கும். அடுத்து குதிரை, எருது, பசு, ஆடு, வாத்து, கோழி. ஒவ்வொன்றும் கணக்கில் சரியாகப் பொருந்த வேண்டும். ஓர் எருது நோயில் செத்தது என்று பின்பக்கத்தில் இருந்தால் உடனே சுருளைத் திருப்பி முன்பக்கத்தில் தோல் விற்பனையைத் தேடுங்கள். தோல் விற்ற காசு அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒன்று நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது அன்றைய தணிக்கையாளரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்.

அவர் கேட்டதற்கான தடயம் சுருளிலேயே இருக்கும். ஒரு தொகையை அடித்துவிட்டு மேலே சிறிய எழுத்தில் வேறொரு தொகை எழுதியிருக்கும். ரீவ் இவ்வளவு செலவு என்றார், தணிக்கையாளர் அதில் இவ்வளவுதான் ஏற்றார். வரவுப் பக்கம் என்றால் மேலே இருப்பது கூடுதலாக இருக்கும். பசுக்கள் எதிர்பார்த்த அளவு பாலாடைக்கட்டி தரவில்லை, விளைச்சல் குறைவு என்றால் சில பண்ணைகளில் அந்தக் குறையை ரீவே வாங்கியதாக எழுதி அவர் தலையில் கட்டுவார்கள். ‘கணக்கின்மேல் விற்பனை’ என்று அதற்குப் பெயர். யாரும் எதையும் விற்கவில்லை, அது அபராதம். இது தெரியாதவர்கள் சந்தை விலை ஆய்வில் அந்தத் தொகையையும் சேர்த்துவிடுவார்கள்.

இந்த விதை–விளைச்சல் எண்களை வரிசையாக வைத்துத்தான், வின்செஸ்டர் பிஷப்பின் பண்ணைகளில் கோதுமை விதைத்ததுபோல் சுமார் நான்கு மடங்குதான் விளைந்தது என்று கண்டுபிடித்தார்கள். நான்கில் ஒன்று மறுபடி விதைக்கே போய்விடும். 1315 முதல் 1317 வரை மழை விடாமல் கொட்டிப் பஞ்சம் வந்தபோது மக்கள் ஏன் அப்படி மடிந்தார்கள் என்பது இந்த எண்ணைப் பார்த்தால் புரியும்.

நீதிமன்றச் சுருளில் ஊரே இருக்கிறது

மேனர் நீதிமன்றம் என்றால் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். மண்டபத்திலோ மரத்தடியிலோ கூடும் ஊர்க் கூட்டம். உடையவரின் நிர்வாகியான ஸ்டூவர்டு தலைமை தாங்குவார். பல மேனர்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடியது. வராதவன் அபராதம் கட்ட வேண்டும்.

படிக்கும் முறை: இடது ஓரத்தை முதலில் படியுங்கள். எழுத்தர் ஒவ்வொரு பதிவுக்கும் நேரே ஓரத்தில் என்ன வகை, எவ்வளவு காசு என்று சுருக்கமாகக் குறித்திருப்பார், கூட்டித் தொகை போட வசதியாக. ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிவிட்டால் அன்றைய கூட்டத்தில் என்ன நடந்தது என்பது தெரிந்துவிடும். பிறகு வேண்டிய பதிவுக்குள் நுழையலாம்.

அடிக்கடி வரும் வகைகள் சில. ஹெரியட்: குடியானவர் இறந்தால் அவருடைய கால்நடைகளில் சிறந்ததை உடையவர் எடுத்துக்கொள்வது. அதை அடுத்து வாரிசு நிலத்தை ஏற்க நுழைவுப் பணம் கட்டுவார். மெர்ச்செட்: மகளின் கல்யாணத்துக்குக் கட்டும் காசு. லெயர்வைட்: கல்யாணமில்லாமல் ஆணோடு பழகியதாகப் பெண்மேல் விதிப்பது. இவை தவிர வேலி தாண்டிய மாடு, வரப்பை உழுதவன், கடனைத் திருப்பாதவன், அண்டை வீட்டாரைத் திட்டியவள். ஒரு மாதிரிப் பதிவு இப்படி இருக்கும்: ‘இன்னார் இறந்துவிட்டார், அவர் உடையவரிடமிருந்து ஒரு வீடும் அரை விர்கேட் நிலமும் வைத்திருந்தார். ஹெரியட் ஒரு பசு, மதிப்பு 6 ஷில்லிங். மகன் வந்து நிலத்தை ஏற்று நுழைவுப் பணமாக அரை மார்க் கொடுத்தார். பிணை இன்னார்.’ விர்கேட் என்றால் சுமார் 30 ஏக்கர், இடத்துக்கு இடம் மாறும். நாலே வரி. ஆனால் ஒரு குடும்பத்தின் சொத்து, அப்பா இறந்த காலம், மகன் பெரியவன் என்பது, பிணை நிற்க ஆள் இருந்தது என்பதெல்லாம் அதற்குள் வந்துவிட்டது. இதே பெயரை அடுத்த இருபது ஆண்டுச் சுருள்களில் தொடர்ந்து போனால் ஒரு வாழ்க்கையே கிடைக்கும்.

ஏல் பதிவுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏல் காய்ச்சியவர்கள் பட்டியல் வரும். விலை, அளவு விதியை மீறியதாக ஆளுக்குச் சில பென்னி அபராதம். அதே பெயர்கள், அதே தொகை, திரும்பத் திரும்ப. திருந்தாத குற்றவாளிகள் என்று நினைத்துவிட வேண்டாம். நடைமுறையில் அது உரிமக் கட்டணம் மாதிரிதான். அந்தப் பட்டியலில் பெண்கள் அதிகம். வேறெங்கும் கணவன் பெயருக்குப் பின்னால் மறைந்துபோகும் பெண்களின் சொந்தத் தொழில் வெளியே தெரிவது பெரும்பாலும் இங்கேதான்.

1349ஆம் ஆண்டுச் சுருள் கிடைத்தால் கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரியும். வழக்கமாக ஒன்றிரண்டு ஹெரியட் இருக்கும் கூட்டத்தில் பத்து, இருபது என்று ஓரம் முழுக்க அதே சொல். சில இடங்களில் வாரிசும் இறந்து நிலம் ‘உடையவர் கையில்’ என்று முடியும். ஹேல்ஸ்ஓவன் மேனர் ஒரு மடத்துக்குச் சொந்தமானது. அதன் சுருள்களை வைத்து, வயது வந்த ஆண்களில் சுமார் 40 விழுக்காடு பேர் அந்தக் கொள்ளைநோயில் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தச் சுருள்களின்மேல் குடியானவர்களுக்கு இருந்த கோபத்தையும் சொல்ல வேண்டும். செயின்ட் ஆல்பன்ஸ் மடம், ஊரார் தானியத்தை மடத்து ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்றது. அரைப்பதற்குப் பங்கு எடுத்துக்கொள்ளும். ஊரார் வீட்டிலேயே கைத்திரிகை வைத்து அரைத்தார்கள். 1330களில் மடாதிபதி ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்டு அந்தத் திரிகைக் கற்களைப் பறித்துத் தன் கூடத்துக்குத் தளமாகப் பாவினார். ஐம்பது ஆண்டு கழித்து, 1381 குடியானவர் கிளர்ச்சியில், ஊரார் மடத்துக்குள் புகுந்து தளத்தைப் பெயர்த்தார்கள். கற்களைத் துண்டு துண்டாக உடைத்து, கோவிலில் ஞாயிறன்று பகிரும் ரொட்டியைப் போல் ஆளுக்கொரு துண்டு எடுத்துப்போனார்கள். இதை எழுதிவைத்தவர் அதே மடத்துத் துறவி. அவருக்கு ஊரார்மேல் துளி இரக்கமில்லை. அதே ஆண்டு பல மாவட்டங்களில் கிளர்ச்சிக்காரர்கள் முதலில் தேடிப்போய் எரித்தது மேனர் சுருள்களைத்தான். உங்கள் ஊருக்கு 1381க்கு முந்தைய சுருளே இல்லையென்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மடத்துக்குள்ளே

பெரிய மடங்களில் வருமானத்தைத் துறைதுறையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துறவியைப் பொறுப்பாளராக்கியிருந்தார்கள்: பணப் பொறுப்பாளர், உணவுப் பொறுப்பாளர், உடைப் பொறுப்பாளர், தர்மப் பொறுப்பாளர், கோவில் பொறுப்பாளர், விருந்தினர் பொறுப்பாளர். ஒவ்வொருவரும் தனிக் கணக்கு ஒப்புவித்தார்கள். ஒரே மடத்தின் செலவு ஐந்தாறு சுருள்களில் சிதறிக் கிடக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு ‘மடம் மீன் வாங்கவே இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. டர்ஹம் மடத்தின் கணக்குகள் 1270களிலிருந்து வருகின்றன. மடம் மூடப்பட்டது 1539இல். டர்ஹம் பல்கலைக்கழகம் இவற்றின் விரிவான பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது.

உணவுக் கணக்குதான் இதில் விருந்து. புனித பெனடிக்டின் விதிப்படி நோயாளிகளைத் தவிர மற்றவர்களுக்கு நாலுகால் பிராணியின் இறைச்சி ஆகாது. ஆனால் கணக்கில் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் தாராளமாக வருகின்றன. விஷயம் என்னவென்றால், விதி பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான் என்று பொருள்கொண்டு, பக்கத்தில் தனி அறை கட்டி அங்கே சாப்பிட்டார்கள். 1336இல் போப் பன்னிரண்டாம் பெனடிக்ட் அதற்கு வரம்பு வைத்து அனுமதியே கொடுத்துவிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக் கணக்குகளை வைத்து ஒரு துறவிக்கு ஒதுக்கிய உணவு சாதாரண நாளில் 6000 கலோரிக்கு மேல் என்று கணித்திருக்கிறார்கள். ஒதுக்கியது வேறு, உண்டது வேறு: மிச்சம் வேலைக்காரர்களுக்கும் வாசலில் நிற்கும் ஏழைகளுக்கும் போனது.

மசாலாச் செலவில் மிளகு தவறாமல் வரும். அது பெரும்பாலும் மலபார்க் கரையில் கப்பலேறி, அரபு, இத்தாலிய வணிகர்கள் கைமாறிப் போனது. சில நிலங்களுக்கு ஆண்டு வாடகையே ஒரு ராத்தல் மிளகு என்று எழுதியிருப்பார்கள்.

சீமாட்டி வீட்டுத் தினக் கணக்கு

பிரபுக் குடும்பங்களில் வீட்டுக் கணக்கு நாள்வாரியாக எழுதப்பட்டது: இன்று யார் சாப்பிட்டார்கள், எத்தனை ரொட்டி, எவ்வளவு ஏல், கையிருப்பிலிருந்து என்ன, வாங்கியது என்ன. சஃபோக் மாவட்டம் ஆக்டனில் வாழ்ந்த ஆலிஸ் டி பிரையின் என்ற விதவைச் சீமாட்டியின் 1412–13ஆம் ஆண்டுக் கணக்கு இதற்கு நல்ல தொடக்கம், மொழிபெயர்ப்பும் உண்டு. வழிப்போக்கத் துறவிகள், தச்சர்கள், பண்ணையை மேற்பார்க்கும் பெய்லிஃப், உறவினர் என்று தினமும் யாராவது பந்தியில் இருப்பார்கள். 1413 புத்தாண்டு நாளில் குடியானவர்களும் வெளியாருமாக 300 பேர் சாப்பிட்டதாக இருக்கிறது. கூடவே ஓர் யாழ்க்காரரும்.

எனக்கு இந்த வகையில் மிகப் பெரிய ஈர்ப்பு எலினோர் டி மான்ட்ஃபோர்ட்டின் சுருள். மன்னர் மூன்றாம் ஹென்றியின் தங்கை. கணவர் சைமன் அதே மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தவர். சுருள் 1265 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை. வசந்தத்தில் விருந்தினர் கூட்டம், கோடையில் டோவர் கோட்டைக்கு இடமாற்றம், காவல் ஆட்களுக்குச் சாப்பாடு. ஆகஸ்ட் 4 அன்று ஈவ்ஷம் போரில் சைமன் கொல்லப்படுகிறார். சுருள் அதற்குப் பிறகும் மீன் கணக்கு எழுதிக்கொண்டேதான் போகிறது. யார் வந்தார்கள், எங்கே தங்கினார்கள், செலவு எப்படி மாறியது என்பதை அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்ப்பதுதான் இத்தகைய கணக்கைப் படிக்கும் வித்தை. எலினோர் பின்னர் பிரான்சில் மொன்தார்ஜி கன்னியர் மடத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். சுருளும் அங்கே தங்கித் தப்பியது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில்.

18, 19ஆம் நூற்றாண்டு எஸ்டேட்டுகளின் கூலிப் புத்தகம், வேட்டைப் புத்தகம், மேலாளர் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், தெளிவான கையெழுத்தில் இருக்கின்றன. அவற்றுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

எங்கே உஷாராக இருக்க வேண்டும்

மடங்கள் தங்கள் சாசனங்களை எல்லாம் ஒரு பெரிய ஏட்டில் நகலெடுத்து வைத்தன. மூலம் தொலைந்து நகல் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த நகல்களில் போலிகள் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் உட்படப் பல மடங்கள் பழைய மன்னர்களின் பெயரில் புதுச் சாசனம் தயாரித்தன. எத்தனை பழமையான தேதி போட்டிருக்கிறதோ அத்தனை சந்தேகப்படுங்கள்.

நீதிமன்றச் சுருளில் பெயர் வராதவர் ஊரில் இல்லாதவர் ஆகமாட்டார். நிலமில்லாத கூலிகள், குழந்தைகள், ஒரு குடியானவரிடம் உள்குத்தகைக்கு இருந்தவர்கள் உடையவருக்குக் காசு கட்டாததால் பெரும்பாலும் மறைந்துபோகிறார்கள். மடங்களின் சொத்து வருமானத்தை 1535இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் கணக்கெடுத்தார்கள். அடுத்த ஆண்டே 200 பவுண்டுக்குக் குறைந்த வருமானமுள்ள மடங்களை மூடச் சட்டம் வந்தது. வரிக்காக எடுத்த கணக்கு என்பதால் அந்த எண்களை மடத்தின் சொந்தக் கணக்கோடு ஒப்பிடாமல் அப்படியே எடுத்தாளாதீர்கள்.

லத்தீனும் கையெழுத்தும்

1733 மார்ச் வரை சட்ட ஆவணங்களின் மொழி லத்தீன். இடையில் மன்னரில்லாத 1651 முதல் 1660 வரை மட்டும் ஆங்கிலம். அந்தப் பத்தாண்டுச் சுருள் கிடைத்தால் விடாதீர்கள்: அதே வாய்பாட்டு வாக்கியங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அதை வைத்து முன்னும் பின்னும் உள்ள லத்தீனைப் படித்துவிடலாம்.

மேனர் லத்தீனுக்கு ரோமானியக் கவிஞர் விர்ஜிலைப் படித்திருக்கத் தேவையில்லை. ஒரே மாதிரியான சில நூறு சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். ‘இன் மிசெரிகோர்தியா’ என்றால் அபராதத்துக்கு உள்ளானார், ‘ப்ரெசெப்தும் எஸ்த்’ என்றால் ஆணையிடப்பட்டது. சொற்களை முழுதாக எழுத மாட்டார்கள். தலையில் ஒரு கோடு, வாலில் ஒரு சுழி போட்டுச் சுருக்கிவிடுவார்கள். கியூ காப்பகத்தின் தளத்தில் இலவச லத்தீன் பாடங்களும் பழைய கையெழுத்துப் பயிற்சிகளும் இருக்கின்றன. பயிற்சிக்கு ஏற்கெனவே அச்சான சுருளின் படத்தை எடுத்து, அச்சை மூடிவைத்துக்கொண்டு ஒரு வரி படியுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். தெரியாத எழுத்தை ஊகிக்காமல் அதே பக்கத்தில் தெரிந்த ஒரு சொல்லில் அந்த எழுத்து எப்படி இருக்கிறது என்று தேடுங்கள்.

நேரில் போவதும் தூரத்திலிருந்து படிப்பதும்

கியூவில் மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும், இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள். பேனா உள்ளே ஆகாது, பென்சில் மட்டும். உங்கள் கேமராவிலோ போனிலோ ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். சுருளைத் திறக்க அங்கே பாரக்கயிறுகள் தருவார்கள். ஒரு பக்கம் சுருட்டிக்கொண்டே மறுபக்கம் விரிக்க வேண்டும். மாவட்டக் காப்பகங்களில் படம் எடுப்பதற்குக் கட்டணம் இருக்கலாம். தனியார் மாளிகை ஆவணமென்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும்.

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து படிப்பவர்களுக்கும் வழி உண்டு. 19ஆம் நூற்றாண்டிலிருந்து சர்டீஸ் சங்கம் போன்ற வரலாற்றுச் சங்கங்கள் அச்சிட்ட தொகுதிகள் பல பதிப்புரிமை முடிந்து இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. டர்ஹம் மடத்துக் கணக்குகள் மூன்று தொகுதிகளும் அவற்றில் அடக்கம்.

படம் எடுக்கும்போதும் குறிப்பு எடுக்கும்போதும் மூன்றை மறக்காமல் எழுதுங்கள்: ஆவண எண், எத்தனையாவது தோல், முன்பக்கமா பின்பக்கமா. சுருள் என்பது தோல்களைத் தலையோடு தலை சேர்த்துத் தைத்த கட்டாகவோ ஒன்றன் வாலில் ஒன்றாகத் தைத்த நீளமாகவோ இருக்கும். பக்க எண் கிடையாது. எருது செத்த பதிவு எந்தத் தோலின் பின்புறம் என்று குறிக்காவிட்டால், அதன் தோல் விற்ற காசை முன்புறத்தில் தேடும்போது முழுச் சுருளையும் மறுபடி விரிக்க வேண்டியிருக்கும்.